கப்பல் ஏறும் நாள்: முதல் முறை போகிறவர்கள் கேட்டதும் என் பதில்களும்

பயணிகள் கப்பலில் ரிசப்ஷன் கவுண்டரில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். முதல் முறை ஏறுகிறவர்கள் அன்றைக்கு எதற்கெல்லாம் தவித்துப் போவார்கள் என்று நேரில் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி சில விஷயம் மாறும். உங்கள் டிக்கெட்டோடு வந்த விவரத்தில் வேறு மாதிரி இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

அக்கா, கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று போட்டிருக்கிறது. 4 மணிக்குப் போனால் போதுமா?

போதாது தம்பி. 5 மணி என்பது கப்பல் நகரும் நேரம். செக்-இன் கவுண்டரை அதற்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்பே மூடிவிடுவார்கள். கப்பலில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அதற்கு அப்புறம் ஓடி வந்து நின்றால், கப்பல் எதிரிலேயே கட்டிக் கிடக்கும், ஆனால் ஏற முடியாது. விமானத்தில் வருகிறவர்கள் முதல் நாளே அந்த ஊருக்கு வந்து தங்கிவிடுங்கள். அன்று காலை விமானம் தாமதமாகி, கப்பலைத் தவறவிட்டு அழுதவர்களோடு நான் போனில் பேசியிருக்கிறேன்.

ஆன்லைனில் செக்-இன் செய்யும்போதே எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்த நேரத்துக்குப் போங்கள். ரொம்ப முன்னாலேயே போனாலும் வெளியே காத்துக் கிடக்க வேண்டிவரும். முந்தைய பயணத்து ஆட்கள் அன்று காலையில்தான் அதே கப்பலில் இருந்து இறங்கியிருப்பார்கள்.

பெட்டிகளை நாங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். டெர்மினல் வாசலில் போர்ட்டரிடம் கொடுத்துவிடலாம். அவர்கள் எக்ஸ்ரே பார்த்து உள்ளே அனுப்பி, உங்கள் கேபின் வாசலில் கொண்டு வந்து வைப்பார்கள். இதில்தான் முதல் முறை வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஏறுவதால், உங்களுடையது மதியம் 2 மணிக்கும் வரலாம், ராத்திரி 8 மணிக்கும் வரலாம்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த மருந்துச் சீட்டை எடுத்து, மேசை மேல் விரித்து, விரலால் நீவிவிட்டார். சர்க்கரைக்கான ஊசி மருந்து பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டி இன்னும் வரவில்லை. அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டரை வரவழைத்து அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு, நானும் கூட வேலை பார்த்த பையனும் கீழ்த் தளத்துக்கு ஓடினோம். கூண்டு வண்டிகளுக்கு நடுவே ஒவ்வொரு டேகாகத் திருப்பிப் பார்த்து, கைப்பிடியில் பச்சை ரிப்பன் கட்டிய அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த ரிப்பன் இல்லாவிட்டால் இன்னும் நேரமாகியிருக்கும்.

அதனால் மருந்து, பாஸ்போர்ட், பணம், நகை, மூக்குக் கண்ணாடி, சார்ஜர், குழந்தைக்கு மாற்று உடை, இவ்வளவும் தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்து போர்ட்டரிடம் கொடுத்துவிட்டால் செக்-இன் கவுண்டரிலேயே நின்றுவிடுவீர்கள். கேபின் எண் போட்ட டேக் கிழிந்து போகும், அதனால் பெட்டிக்கு உள்ளேயும் பெயரும் கேபின் எண்ணும் எழுதி ஒரு சீட்டுப் போடுங்கள்.

பெட்டிச் சோதனையில் எதையெல்லாம் பறித்துக்கொள்வார்கள்?

கப்பலில் பெரிய பயமே தீதான். இஸ்திரிப் பெட்டி, எலெக்ட்ரிக் கெட்டில், மெழுகுவர்த்தி மாதிரி சூடாகிற, எரிகிற பொருள்களைப் பெரும்பாலும் விட மாட்டார்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் (மின்சாரம் திடீரென எகிறினால் தடுக்கும் பாகம்) உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டுக்கும் பல கப்பல்களில் அனுமதி இல்லை. மதுவுக்கு அளவு உண்டு. இவற்றில் ஏதாவது பெட்டியில் இருந்தால் சோதனை செய்யும் இடத்திலேயே பெட்டியை நிறுத்தி வைத்துவிடுவார்கள். நீங்கள் போய்த் திறந்து காட்டி எடுத்து வர வேண்டும். பெட்டி வரவில்லையே என்று தேடுகிறவர்கள் முதலில் அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

விசா ஒன்று வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

எத்தனை முறை நுழைய அனுமதி என்று பாருங்கள் சார். கப்பல் ஒரு நாட்டில் கிளம்பி, வேறு நாட்டுக்குப் போய், திரும்ப அதே நாட்டுக்கு வருகிறது என்றால், நீங்கள் அந்த நாட்டுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒரு முறை நுழையும் விசா அதற்குப் போதாமல் போகலாம். இதைக் கவுண்டரில் வந்து தெரிந்துகொண்டால் யாராலும் உதவ முடியாது. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கட்டும். டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகட்டும்.

கவுண்டரில் கிரெடிட் கார்டு கேட்பார்களாமே? முழுப் பணமும் கட்டிவிட்டோமே?

கப்பலுக்குள் நீங்கள் செய்யும் செலவுக்காகக் கேட்கிறார்கள். முகத்தைப் போட்டோ எடுத்து ஒரு அட்டை தருவார்கள் (சில கப்பல்களில் கையில் மாட்டும் பட்டை). கேபின் சாவியும் அதுதான், அடையாள அட்டையும் அதுதான், கடைகளில் நீட்டுவதும் அதையேதான். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் கணக்கில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும். முடிந்தால் கிரெடிட் கார்டு கொடுங்கள்.

என் மகனுக்கு நேற்று வயிற்றுப்போக்கு. இன்று சரியாகிவிட்டது. ஹெல்த் ஃபார்மில் எழுதினால் ஏற விட மாட்டார்களோ?

எழுதுங்கள் அம்மா. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவைக்கும் நோரோ வைரஸ் மாதிரி ஒன்று கப்பலில் பரவினால் வயதானவர்கள்தான் படுத்துவிடுவார்கள். பெரும்பாலும் மருத்துவ ஊழியர் ஒருவர் வந்து கேள்வி கேட்பார், பிள்ளையைப் பார்ப்பார். அப்புறம் முடிவு செய்வார்கள். எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்த வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது.

ஏறியதும் நேராக கேபினுக்குப் போகலாமா?

பல கப்பல்களில் மதியம் 1 அல்லது 2 மணி வரை கேபின் தயாராகாது. சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். அதுவரை எல்லோரும் பஃபேக்குத்தான் போவார்கள், தட்டோடு இடம் தேடி அலைவார்கள். முதல் நாள் மதியம் பெரிய டைனிங் ஹாலும் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், அங்கே நிம்மதியாக உட்காரலாம். லிஃப்டுக்கு நிற்காமல் முடிந்தவர்கள் படியேறுங்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டுமென்றாலும், ஷோவுக்கு இடம் பிடிக்க வேண்டுமென்றாலும் அந்த நேரத்திலேயே முடித்துவிடுங்கள்.

மஸ்டர் டிரில் என்கிறார்களே, கண்டிப்பாகப் போக வேண்டுமா? சின்னக் குழந்தை இருக்கிறது.

கண்டிப்பாக. ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அது. குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். இதை மட்டும் யாரும் சடங்கு மாதிரி நினைக்கக் கூடாது.

டைட்டானிக் 1912-இல் மூழ்கிய பிறகு, 1914-இல் சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. பின்னாளில் அதில், பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரி 13 அன்று இரவு இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு விதி மாறி, 2015 ஜனவரி 1 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

இப்போது பல கப்பல்களில் இது எளிது. போனிலோ கேபின் டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்கள் அட்டையில் எழுதியிருக்கும் மஸ்டர் ஸ்டேஷனுக்கு (ஆபத்தில் நீங்கள் கூட வேண்டிய இடம்) நேரில் போய் அட்டையைக் காட்ட வேண்டும். போகும்போது லிஃப்டில் போகாதீர்கள். கேபினில் இருந்து படி வழியாகவே நடந்து, எத்தனை திருப்பம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு சின்ன ஊதல், அப்புறம் ஒரு நீண்ட ஊதல், இதுதான் அபாயச் சத்தம். பிள்ளைகளுக்கு அதை வாயால் ஊதிக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள், மறக்க மாட்டார்கள். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேபின் பணியாளரிடம் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு முழங்கால் வலி, வீல்சேர் கிடைக்குமா? அப்புறம் எனக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

டெர்மினலில் இருந்து கப்பலுக்குள் கொண்டு விடும் வரை வீல்சேர் தருவார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆனால் அதைப் பயணம் முழுக்க வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். தொடர்ந்து தேவைப்படுமென்றால் சொந்தமாகக் கொண்டு வாருங்கள்.

வாந்திக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, கப்பல் ஆட ஆரம்பிக்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது. ஆட்டம் குறைவாகத் தெரிவது கப்பலின் நடுவிலும் கீழ்த் தளங்களிலும்தான். போனைப் பார்க்காமல், மேலே போய்த் தொடுவானத்தைப் பாருங்கள்.

போன் வேலை செய்யுமா?

துறைமுகத்தில் வேலை செய்யும். கடலுக்குள் போனதும் கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் பில் எகிறிவிடும். கப்பல் கிளம்பும் முன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது எங்கே நின்று பார்க்கலாம் அக்கா?

எல்லோரும் மேல் தளத்தில் பாட்டு நடக்கும் இடத்துக்குப் போவார்கள். நீங்கள் கீழே, நடைபாதை மாதிரி கப்பல் ஓரமாகப் போகும் திறந்த தளத்துக்குப் போங்கள். கரையில் கயிற்றை அவிழ்த்து விடுவார்கள், அது தண்ணீரில் விழுந்து மெதுவாக மேலே ஏறும். துறைமுகத்தைத் தாண்டியதும் ஒரு சின்னப் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும். கப்பலை வழிகாட்டி வெளியே கொண்டு வந்த பைலட் கயிற்று ஏணியில் இறங்கி, கப்பலும் படகும் ஓடிக்கொண்டிருக்கும்போதே படகில் கால் வைப்பார். ஏழு வருடத்தில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நான் போய் நின்றது அங்கேதான். அவர் கையசைத்தால் நீங்களும் அசையுங்கள்.