தனி அறை எதற்கு?

கேள்வி: அக்கா, என் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்கென்று தனியாக ஒரு வீடே இருக்கிறதாம். இவளோடு ஒரே அறையில் இருக்கிற கறுப்பினப் பிள்ளை சனிக்கிழமை பின்னேரமானால் அங்கே போய்விடுகிறாளாம், இவளைக் கூப்பிடுவதில்லை. நிறம் பார்க்காதே என்று போராடியவர்களே இப்படிப் பிரிந்து இருக்கலாமா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: மகளுக்கு மனம் நொந்திருக்கும், அது நியாயம்தான். ஆனால் தங்கச்சி, இதில் இரண்டு சங்கதி ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. ஒருவரைப் பிடித்து 'நீ அந்தப் பக்கம் போய் இரு' என்பது ஒன்று, நாலு பேர் தாங்களாகக் கூடி 'கொஞ்ச நேரம் இங்கே இருப்போமே' என்பது வேறு. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூடாது என்று தீர்த்தது முதலாவதைத்தான், அதாவது கறுப்புப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, வெள்ளைப் பிள்ளைக்கு ஒரு பள்ளி என்று சட்டம் போட்டுப் பிரித்ததை.

இரண்டாவதற்கும் பழைய கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்த கோயிலில் முழங்காலில் நின்று செபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை, செபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், இது உங்கள் இடமில்லை என்று பிடித்து எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் கூட்டமாக வெளியே நடந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் அலன் பழைய கொல்லன் பட்டறை ஒன்றை வாங்கி, கட்டடத்தை அப்படியே இழுத்துவந்து வைத்துக் கோயிலாக்கினார். 1794இல் அது திறந்தது. மகள் சொல்லும் வீடுகளும் இந்த வழியில் வந்தவைதான். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது 1969இல் வந்தது.

என் கதை ஒன்று சொல்கிறேன். கொழும்பில் நான் விடுதியில் இருந்தபோது மட்டக்களப்புப் பிள்ளைகள் நாங்கள் ஏழு பேர். வாய் தவறி எங்கள் ஊர்ப் பேச்சில் 'மறுகா' (பிறகு) என்று சொன்னால் போதும், அந்த மேசையே சிரிக்கும். புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, 'உங்கட ஊரில மந்திரம் போட்டு வந்த ஆளைப் பாயோட ஒட்ட வைப்பீங்களாமே?' கேட்டவர்களில் கெட்டவர்கள் யாருமில்லை, பகிடிதான், ஆனால் அதே பகிடிக்கு நாற்பதாவது தடவையும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது இருக்கிறதே! அதனால் ஞாயிறு பின்னேரங்களில் மொட்டைமாடியில், துணி காயும் கொடிக்குக் கீழே பாய் விரித்து (ஆமாம், பாய்தான்) நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்து வாய் நிறைய 'என்னகா, மறுகா' என்று பேசித் தீர்ப்போம். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி இதற்காக ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளில் எனக்கு உயிர். இருந்தாலும் அந்தப் பாயில் அவளுக்கு இடம் விடவில்லை, அவள் வந்திருந்தால் நாங்கள் பேச்சை மாற்றியிருப்போம், அவ்வளவுதான்.

அதையும் இதையும் ஒரே தராசில் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் முன்னோரை யாரும் கப்பலில் ஏற்றி ஏலம் விடவில்லை. மகளின் தோழி வகுப்பில் தான் மட்டுமே கறுப்பாக இருந்து, கேட்காமலே தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பவர்களைச் சகித்து, எது நடந்தாலும் 'உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள்' என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு வருபவளாக இருக்கலாம். சனிக்கிழமை அவளுக்கு அதிலிருந்து லீவு. உள்ளேயும் எல்லோரும் ஒரே குரலில் பேசமாட்டார்கள். நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிப்பிள்ளையும் அங்கே சண்டை பிடிக்கலாம், அதற்கும் அந்த இடம் வேண்டும்.

அப்புறம், இப்படியான வீடுகளில் எல்லோருக்குமான நிகழ்ச்சிகளும் வைப்பார்கள். அதற்கு மகள் தாராளமாகப் போகட்டும். சனிக்கிழமை எங்கே போனாய் என்று விசாரணை மட்டும் வேண்டாம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் எங்கள் காக்கா (அண்ணன்) கறுப்பினத்தவரைக் 'காப்பிலி' என்றுதான் சொல்கிறார். சும்மா பேச்சுவழக்குத்தானே?
- ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இல்லை தம்பி. அறபியில் 'காபிர்' என்றால் இறைவனை ஏற்காதவர் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அது போர்த்துக்கேயர் வாயில் ஏறி, ஆபிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தபோது கூடவே நம் ஊருக்கும் வந்த சொல். புத்தளம் சிராம்பியடியில் ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இருக்கிறார்கள், 'மஞ்சா' என்ற தங்கள் பாட்டை இன்னும் பாடுகிறார்கள், தங்களைக் 'காபிர்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பெயர், அவர்கள் சொல்லட்டும். காக்கா சொல்வது அப்படியில்லை. கனடாவில் நம் ஆட்களைத் தெருவில் 'பாக்கி' (பாகிஸ்தானி என்பதை இழிவாகச் சுருக்கியது) என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது, அப்போது அதையும் சும்மா பேச்சு என்றுதான் சொன்னார்கள். அடுத்த முறை காக்கா அந்தச் சொல்லை எடுத்தால், 'யாரைச் சொல்றீங்க, அவர்ர பேர் என்ன?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.