எந்தக் கோரை?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா போட்டிருக்கிறேன். கோரைக்கு மருந்து வாங்கி அடித்தேன். வயலுக்குள் இருந்தது கருகிவிட்டது. வரப்போரம் இருந்தது பத்தே நாளில் திரும்பத் துளிர்த்துவிட்டது. கேட்டால், "எந்தக் கோரை? லேபிளில் இருக்கிற பேரைப் பாருங்க" என்கிறார் கடைக்காரர். வாயில் நுழையாத அந்தப் பெயர்களை எப்படிப் படிப்பது?

பதில்: மருந்தைக் குறை சொல்வதற்கு முன் வரப்போரக் கோரை ஒன்றை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி எடுங்கள். கையால் பிடுங்கினால் அறுந்துவிடும். அடியில் கறுத்த சிறு கிழங்குகள் நூலில் கோத்தது மாதிரி வந்தால், நசுக்கி முகர்ந்து பாருங்கள். நாட்டு மருந்துக் கடைக் கோரைக்கிழங்கின் அதே வாசனை. வயலுக்குள் முளைப்பதைப் பிடுங்கினால் வெறும் சல்லிவேர்தான் இருக்கும்.

ஆக, நீங்கள் கோரை என்று சொல்வது ஒரு செடி இல்லை. கிழங்கு உள்ளது சைப்ரஸ் ரொட்டண்டஸ். சேற்று வயலில் வருவதில், பூங்கொத்து உருண்டையாகத் திரண்டிருந்தால் சைப்ரஸ் டிஃபார்மிஸ். மஞ்சளாக, தளர்ந்து விரிந்திருந்தால் பெரும்பாலும் சைப்ரஸ் ஐரியா. இவை இரண்டும் விதையில் முளைத்து ஒரு பருவத்தில் முடிபவை. மேலே கருகினால் கதை முடிந்தது. ரொட்டண்டஸுக்குத் தலை போனாலும் கிழங்கு இருக்கிறதே!

சரி, பெயருக்கு வருவோம். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753-இல் எல்லாச் செடிக்கும் இப்படி இரண்டு சொல் வைத்த முறைதான் இன்றும் நடக்கிறது. லேபிளில் முதல் சொல்லைச் சுருக்கி 'சி. ரொட்டண்டஸ்' என்று போட்டிருப்பார்கள், நம் இனிஷியல் போல. முதல் சொல் ஒன்றாக இருந்தால் பங்காளிகள் என்று அர்த்தம். குணமும் ஒன்று என்று அர்த்தமில்லை. பாய் முடைகிற சைப்ரஸ் பங்கோரையும் இதே பேரினம்தான். அந்த இரண்டாவது சொல்லில் இருப்பது நம்ம ஊர்க் கோரை! டென்மார்க்கின் தாவரவியலாளர் ராட்பெல் 1773-இல் வைத்த பெயர் அது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, இங்கிருந்து செடிகளைப் பாடம் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம்.

பேரினத்துக்கும் மேலே குடும்பம். மருந்து வாங்குகிறவருக்கு அதுவும் முக்கியம். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டு, உள்ளே கெட்டியாக இருந்தால் கோரைக் குடும்பம். உருண்டையாக, கணு வைத்து இருந்தால் புல் குடும்பம், நெல்லும் அதில்தான். 2,4-டி என்கிற களைக்கொல்லி கோரையையும் அகன்ற இலைக் களையையும் கேட்கும், புல்லைக் கேட்காது. நெல்லோடு நெல்லாக நிற்கும் களைக் குதிரைவாலி, எக்கினோக்ளோவா குருஸ்-கல்லி, அதனால்தான் தப்பிக்கிறது. அதை அடையாளம் பிடிக்க, இலை தண்டைச் சேரும் இடத்தை மடக்கிப் பாருங்கள். நெல்லில் வெள்ளைச் சவ்வு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலியில் அந்த இடம் மொட்டை.

உங்கள் வரப்பில் இருப்பது ரொட்டண்டஸ்தான் என்றால், அறுவடைக்கு அப்புறம் கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவிடுங்கள், மண்வெட்டியால் வெறுமனே கொத்திவிட்டால் துண்டுக்கொரு செடியாகப் பெருகும். சந்தேகம் இருந்தால் பூவோடும் கிழங்கோடும் ஒரு செடியைச் செய்தித்தாளில் சுற்றி நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். இலையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பூ இல்லாமல் கோரைக்குப் பெயர் சொல்ல எங்களுக்கே திண்டாட்டம்தான்.