இரவு வானத்தைப் படமெடுக்க அதிர்ஷ்டம் எவ்வளவு வேண்டும்?

எரிநட்சத்திரம் போன்றவை படத்தில் விழுவது வெறும் அதிர்ஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குத்தான் என்பேன். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பொறுமைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

2016 செப்டம்பர் 20 அன்று இரவு, அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் பூசோ என்ற தொழில்முறை சாராத வானியலாளர், புதிய கேமராவைச் சோதிப்பதற்காக என்ஜிசி 613 என்ற விண்மீன் திரளைக் குறுகிய நேரப் படங்களாகத் தொடர்ந்து எடுத்தார். முதலில் எடுத்தவற்றில் இல்லாத ஒரு புள்ளி அடுத்தடுத்த படங்களில் தோன்றிப் பிரகாசமாகிக்கொண்டே போனது. வெடிக்கும் விண்மீனின் அதிர்வலை அதன் மேற்பரப்பைப் பிளந்து வெளியேறும் தருணம் அது! அந்தப் படங்களை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2018இல் நேச்சர் இதழில் வந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் சோதனைப் படங்கள்தானே என்று அவர் ஒதுக்கியிருந்தால் அந்தத் தருணம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

2019 ஜனவரி 21 முழுச் சந்திர கிரகணத்தின்போது நிலவில் ஒரு விண்கல் மோதியது. அரை நொடிகூட நீடிக்காத அந்த மோதலின் ஒளியைப் பலர் தங்கள் பதிவுகளைத் திரும்பப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைக்கும் மென்பொருள், ஒரே ஒரு படத்தில் மட்டும் இருப்பதைக் குறை என்று கருதி நீக்கிவிடும். செயற்கைக்கோள் கோடுகளை அகற்ற அது நல்ல வழி. அதே கணக்கில் எரிநட்சத்திரமும் போய்விடும். அதனால் அடுக்குவதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் முழு அளவில், ஓரங்கள் உட்பட, பார்த்துவிடுவேன். அலுப்பான வேலைதான், ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

நீண்ட நேரப் படங்களுக்கான இரைச்சல் (படத்தில் தெரியும் தேவையற்ற புள்ளிகள்) குறைப்பு வசதியைக் கேமராவில் அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அதே அளவு நேரம் ஷட்டரை மூடி இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும். இரவில் பாதி அதிலேயே போய்விடும். படங்களுக்கிடையே ஒரு நொடி இடைவெளி போதும். ஆகஸ்ட் 12, 13 பெர்சீட்ஸ் எரிநட்சத்திரப் பொழிவின்போதும் டிசம்பர் 13, 14 ஜெமினிட்ஸ் பொழிவின்போதும் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

மிகப் பிரகாசமான எரிநட்சத்திரம் விழுந்தால், படம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் கேமராவைத் தொட்டுவிடாதீர்கள். சில சமயம் அது விட்டுச்செல்லும் ஒளிரும் தடம் நிமிடக்கணக்கில் நிற்கும். உயர் வளிமண்டலக் காற்றில் அது நெளிந்து வளைவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அடுத்தடுத்த படங்களில் தெளிவாகப் பதிந்திருக்கும்.