காமிக்ஸ், அனிமேஷனை முற்போக்கு அரசியல் பார்வையில் பேசுவது என்றால் என்ன?

கதையில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, யாருக்கு வசனம் இருக்கிறது, யாரைக் கெட்டவராக வரைந்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே படிப்பதுதான் இது. இனம், பாலினம், வர்க்கம் என எதிலும் சமத்துவத்தின் பக்கம் நின்று கேட்பதால் முற்போக்குப் பார்வை என்கிறோம்.

ஒரு குழுப் புகைப்படத்தைப் பார்க்கும்போது, நாற்காலியில் யார், பின்வரிசையில் யார், படத்திலேயே இல்லாதவர் யார் என்று கவனிப்போம் அல்லவா, அதே மாதிரி.

பொழுதுபோக்கில் எதற்கு அரசியல் என்று கேட்பார்கள். அது அங்கே எப்போதோ வந்துவிட்டது. அமெரிக்காவின் இசி காமிக்ஸ் 1953-ல் 'ஜட்ஜ்மென்ட் டே' என்றொரு சிறுகதை வெளியிட்டது. ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களை ஒதுக்கிவைக்கும் ஒரு கிரகம். அதைச் சோதிக்கப் பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். பூமி அங்கம் வகிக்கும் விண்வெளிக் குடியரசில் சேர அந்தக் கிரகம் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிப் படக் கட்டத்தில்தான் அவர் முகம் தெரிகிறது: கறுப்பினத்தவர், முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன. 1956-ல் மறுபதிப்பு வந்தபோது, காமிக்ஸ் துறையின் தணிக்கை அமைப்பு அவர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றது. பதிப்பகம் பணியவில்லை, அப்படியே அச்சிட்டது. ஒரே ஒரு கட்டத்துக்கு எவ்வளவு வலிமை பாருங்கள்!

அனிமேஷனிலும் இதே கேள்விகள்தான். வில்லனுக்கு மட்டும் ஏன் வேற்று நாட்டு உச்சரிப்பு? நாயகி ஏன் காப்பாற்றப்படக் காத்திருக்கிறாள்?

அப்புறம், இது பிடித்த படங்களைத் தடைசெய்யச் சொல்லும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி இல்லை, ஒரு படத்தை ரசித்துக்கொண்டே அதில் உறுத்தும் இடத்தையும் தாராளமாகச் சொல்லலாம்.