புது கடல்நீர்த் தொட்டியில் முதலில் எந்த மீனை விடலாம்?

கேள்வி: வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பத்து நாள் ஆகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. மகளுக்கு க்ளவுன் மீனும் ப்ளூ டாங்கும் வேண்டுமாம். அனிமோன் (கடல் சாமந்தி), பவளம் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி விட்டுவிடலாமா? - ஒரு வாசகர், சென்னை

பதில்: இப்போது எதையுமே விடாதீர்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இவை பாறையிலும் மணலிலும் குடியேறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். உரித்த இறால் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டு, வாரம் இருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்து நின்றால் தொட்டி தயார்.

முதலில் க்ளவுன் ஜோடி. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பார்த்து வாங்குங்கள். க்ளவுன் மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளர்கின்றன. ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். சில நாளில் சின்னது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பைக் கிடுகிடுவென நடுக்கும். நோய் என்று பயப்படாதீர்கள், 'நீதான் பெரியவள்' என்று அது பணிகிற விதம். கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் முட்டையிலிருந்து பொரித்து வளர்த்த மீனே தொட்டியில் நன்றாகத் தேறும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமே க்ளவுன் மீன் முட்டைகளைப் பொரிக்க வைத்திருக்கிறது. கடையில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒரு மாதம் சும்மா இருங்கள். இருக்கிற கழிவின் அளவுக்குத்தான் பாக்டீரியா பெருகும். திடீரென்று நாலு மீன் கூடினால் அதனால் சமாளிக்க முடியாது. இதற்குள் கண்ணாடியில் பழுப்புப் படலம் வரும். நாலைந்து நத்தை விட்டால் அதை மேய்ந்துவிடும். அடுத்து ஒரு ஃபயர்ஃபிஷ். துள்ளி வெளியே விழும் மீன், மேலே வலை அவசியம். 200 லிட்டருக்கு இப்படிச் சின்ன மீன் நாலைந்து போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று டாம்செல் மீன் வாங்காதீர்கள், தொட்டி முழுவதும் தன்னுடையது என்று பின்னால் வரும் மீன்களைத் துரத்தும்.

ப்ளூ டாங் பற்றி மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் அது ஒரு அடி வரை வளரும், நாள் முழுக்க நீந்த இடம் கேட்கும். உங்கள் தொட்டி அதற்குச் சிறை. அனிமோனுக்கும் குறைந்தது ஆறு மாதம் பொறுங்கள். அது நகர்ந்துபோய் பம்ப்பில் சிக்கிச் செத்தால் தண்ணீர் மொத்தமும் கெடும். அனிமோன் இல்லாமலே க்ளவுன் நிம்மதியாக வாழும்.

பவளத்தில் ஒரு விஷயம் முக்கியம். கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளமோ பவளப் பாறையோ விலைக்கு வந்தால் தொடாதீர்கள். வாங்குபவரும் சட்டத்தில் மாட்டுவார். அந்தத் திட்டுகள் ஏற்கெனவே பட்ட பாடு போதும். செயற்கைப் பீங்கான் பாறையிலும் பாக்டீரியா நன்றாகவே குடியேறும். மூன்று மாதம் கழித்து, ரசீதோடு விற்கிற கடையில் காளான் பவளம் போன்ற மென் வகை ஒன்றில் தொடங்குங்கள். ஸோவாந்தஸ் என்ற பவளம் போன்ற உயிரை வாங்கினால் கையுறை போடாமல் தொடக்கூடாது, அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைக்கவே கூடாது. அதில் கடுமையான விஷம் இருக்கலாம்.

சென்னை வெயிலில் தண்ணீர் 25-27 டிகிரியில் நிற்க சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) தேவைப்படும். அதற்குப் பதில் மின்விசிறி வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு ஆவியாகாது, ஆகவே குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றி, உப்புநீரின் ஒப்படர்த்தியை 1.025-ல் வையுங்கள்.

வாங்கும் ஒவ்வொரு மீனையும் தனித் தொட்டியில் நாலு வாரம் வைத்துப் பார்த்தே பெரிய தொட்டியில் விடுங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்தை அந்தத் தனித் தொட்டியில் மட்டுமே போடுங்கள். பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தையும் பவளமும் செத்துப்போகும்.