வீடு கட்டக் கிளம்பியவர்களின் கேள்விகள்: தளம் போட்ட பிறகு கையில் எவ்வளவு இருக்கும்?

மதுரைப் பக்கம் 26 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் வீட்டுக்கடன் மேசை. எனக்கென்று ஒரு வீடும் கட்டி அதில் பட்ட பாடும் உண்டு. வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

கேள்வி (திருமங்கலம்): மேடம், 4 சென்ட் மனை எங்களுடையது. கீழும் மேலுமாக 1,200 சதுர அடி கட்ட ஆசை. காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,300 சொல்கிறார், 27.6 லட்சம் வருகிறது. கையில் 8 லட்சம், கடன் 22 லட்சம். 30 லட்சம் இருப்பதால் தைரியமாக இறங்கலாமா?

பதில்: இறங்காதீர்கள், தம்பி. இந்தக் கணக்கோடு இறங்காதீர்கள் என்கிறேன்.

27.6 என்பது வீட்டின் விலை இல்லை, காண்ட்ராக்டரின் விலை. அவர் கொடுத்த தாளை எடுத்து சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், போர், மோட்டார், மின் இணைப்பு, பிளான் அனுமதிக் கட்டணம், மாடிப்படி மேல் வரும் ஹெட்ரூம், கிச்சன் கப்போர்டு, கட்டில் பக்கத்து அலமாரி, இதெல்லாம் அதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முக்கால்வாசி இருக்காது. நான் பார்த்த கோப்புகளில் சதுர அடிக் கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை சாதாரணமாக ஏறியிருக்கிறது. அப்படியென்றால் உங்களுக்கு 33 முதல் 34.5 லட்சம். அப்புறம் கட்டி முடிக்கும் வரை இப்போது இருக்கும் வீட்டு வாடகை, வங்கி அதுவரை கொடுத்த பணத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய வட்டி (10 லட்சம் வாங்கியிருந்தால் 8.5 சதவீதத்தில் மாதம் 7,080 ரூபாய்). பலர் இந்த இரண்டையும் எழுதிக்கொள்வதே இல்லை.

இன்னொன்று. வங்கி 22 லட்சத்தை மொத்தமாகக் கொடுக்காது. முதலில் உங்கள் 8 லட்சம் மண்ணுக்குள் போக வேண்டும், பேஸ்மட்டம் (தரை மட்டம் வரையிலான வேலை) வந்த பிறகு ஒரு தவணை, லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் மேல் வரும் கான்கிரீட்) ஒன்று, தளத்துக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று என்று வரும். ஒவ்வொரு முறையும் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான். நடுவில் பத்து நாள் தாமதமானால் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். அதனால் ஒரு தவணைக்காவது ஈடுகொடுக்கும் பணம் கையில் நிற்க வேண்டும்.

என் யோசனை: மேல்மாடி அறையை இப்போது விட்டுவிடுங்கள். அஸ்திவாரமும் பில்லரும் மேல்மாடிக்கும் சேர்த்தே போடுங்கள், அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். 900 சதுர அடியில் பூச்சு, டைல்ஸ், பெயின்ட் முடிந்து குடி போன வீடு, 1,200 சதுர அடியில் செங்கல் தெரிய நிற்கும் வீட்டைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி (ஒத்தக்கடை): அக்கா, மனை ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கிறார்கள். விலை குறைவு. வாங்கிக் கடன் போட்டுக் கட்டலாமா?

பதில்: மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சென்னைப் பெருநகரப் பகுதியென்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்). பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை வங்கி வக்கீல் ஓரமாக வைத்துவிடுவார். 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான அனுமதியில்லா மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் விதி கொண்டுவந்தது. நீங்கள் பார்த்த மனைக்கு அந்த வரன்முறை ஆணை இருந்தால் நகலை வாங்கிக்கொண்டு மேலே பேசுங்கள். இல்லையென்றால் விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வங்கி எப்படியும் பார்க்கும், ஆனால் அதற்குள் உங்கள் பணம் போயிருக்கும்.

மனை சுத்தமாக இருந்தால் கட்டட அனுமதி இப்போது பெரிய தலைவலி இல்லை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை (விதிப்படி கட்டுவதாக நீங்களே சான்று கொடுப்பது) வந்திருக்கிறது, ஆன்லைனில் கட்டணம் கட்டி வாங்கிவிடலாம். ஆனால் அனுமதி வாங்கிய வரைபடம் ஒன்று, கட்டுவது வேறொன்று என்று இருந்தால் வங்கி அடுத்த தவணையை நிறுத்திவிடும். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் படிக்கட்டை இறக்கிவிட்டுத் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தேனி): இடம் அப்பா பெயரில். கடன் என் பெயரில் கிடைக்குமா? தங்கை ஒருத்தி இருக்கிறாள், கல்யாணமாகிவிட்டது.

பதில்: இரண்டு வழி. அப்பாவையும் கடனில் சேர்த்து அவர் பத்திரத்தை அடமானமாக வைக்கலாம், அல்லது அப்பா உங்களுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை குறைவுதான், கிரயம் போல 7 சதவீதம் கிடையாது.

ஆனால் அது அப்பா சம்பாதித்து வாங்கியதா, தாத்தா வழி வந்ததா என்று முதலில் பாருங்கள். பூர்வீகச் சொத்தென்றால் தங்கைக்கும் பங்கு இருக்கிறது, கல்யாணமானதால் அது போய்விடாது. அப்பாவின் சொந்தச் சொத்தாகவே இருந்தாலும் தங்கையை உட்கார வைத்துப் பேசிவிட்டு எழுதுங்கள். சட்டத்துக்காகச் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்துக்குத் தங்கை வராத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டுக்காரர்கள் யாரும் நிம்மதியாக இல்லை.

கேள்வி (மதுரை, பைபாஸ் ரோடு): 30 லட்சம் கடன். 15 வருடமா 20 வருடமா?

பதில்: 8.5 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம். 20 வருடத்துக்கு மாதம் 26,035 ரூபாய், மொத்த வட்டி 32.5 லட்சம் சுமாருக்கு, அதாவது வாங்கியதைவிட வட்டி அதிகம். 15 வருடமென்றால் மாதம் 29,540, வட்டி 23.2 லட்சம். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கூடக் கட்டினால் 9 லட்சம் மிச்சம்.

இதைப் பார்த்ததும் எல்லோரும் 15 என்பார்கள். நான் 20 போடச் சொல்வேன். வேலை போனாலோ வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலோ 26,000 கட்டுவது 29,500 கட்டுவதைவிடச் சுலபம். நல்ல மாதங்களில் கூடுதலாக அசலில் கட்டிக்கொண்டே வாருங்கள். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் போதும், 20 வருடக் கடன் பதினாறரை வருடத்தில் முடிந்துவிடும். போனஸ் வரும் மாதத்தை இதற்கென்று ஒதுக்குங்கள், கட்டும்போது ‘அசலில் கழியுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (அருப்புக்கோட்டை): லேபர் காண்ட்ராக்ட் நல்லதா, மெட்டீரியலோடு கொடுப்பது நல்லதா? எங்கள் ஊர் கரிசல் மண் வேறு.

பதில்: மண்ணை முதலில் சொல்கிறேன். கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் இரண்டு மூன்று கோடைக்குள் சுவரில் விரிசல் விழுந்துவிடும். மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்கிற ஆழத்துக்குப் போங்கள், பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போடச் சொன்னால் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடியில் நிறுத்தினார் என்பதெல்லாம் கணக்கில்லை. சதுர அடி ரேட் சொல்கிறவரிடம் ‘இந்த ரேட் எத்தனை அடி ஆழத்துக்கு?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள், கரிசல் ஊர்களில் கூடுதல் செலவு தொடங்குவதே அங்கேதான்.

லேபர் காண்ட்ராக்ட், அதாவது பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசுவது, வீட்டில் ஒருவர் தினமும் வேலை நடக்கும் இடத்தில் நிற்க முடிந்தால் மட்டும். சிமெண்ட் மூட்டை எண்ணுவது, கம்பியை எடை போட்டு இறக்குவது, எம்-சாண்ட் யூனிட் அளப்பது, தண்ணீர் ஊற்றினார்களா என்று பார்ப்பது, எல்லாம் முழுநேர வேலை. கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் மெட்டீரியலோடு கொடுங்கள், ஆனால் ஒப்பந்தத்தில் ‘தரமான சிமெண்ட்’ ‘நல்ல டைல்ஸ்’ என்று எழுத விடாதீர்கள். சிமெண்டின் பெயர், கம்பியின் பெயரும் ரகமும், டைல்ஸ் சதுர அடி என்ன விலைக்குள், கதவு என்ன மரம், சுவிட்ச் எந்த கம்பெனி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். போர்டிகோவும் பால்கனியும் முழு அளவா பாதி அளவா, சன்ஷேடு சேருமா சேராதா, அதுவும். 2025 செப்டம்பரில் சிமெண்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு முன் போட்ட பழைய எஸ்டிமேட்டை நீட்டினால் அதையும் கேளுங்கள்.

பணம் வேலையைப் பின்தொடர வேண்டும், வேலைக்கு முன்னால் போகக் கூடாது. தளம் போட்டு முடித்த அன்று மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டிக் கொடுத்திருந்தால் உங்களிடம் பிடி இல்லை. கடைசி 5 சதவீதத்தைக் குடிபோய் ஒரு மழை பார்த்த பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி (சிவகாசி): பூச்சு வேலையோடு பணம் தீர்ந்துவிட்டது, அக்கா. வீட்டு நகையை அடகு வைத்து முடித்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.

பதில்: உங்கள் மனசு எனக்குத் தெரியும். 2008-ல் எங்கள் வீட்டுக்கும் இதே இடத்தில்தான் பணம் தீர்ந்தது. எங்கள் காண்ட்ராக்டர் தளம் போட்டதும் முக்கால் பணத்தை வாங்கிக்கொண்டு வருவதைக் குறைத்துவிட்டார், கடன் மேசையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொன்ன நானே ‘தெரிந்தவர்தானே’ என்று கொடுத்துவிட்டேன். டைல்ஸுக்கும் கதவுக்கும் என் அம்மா போட்ட நகைகள் போயின. எல்லாவற்றையும் மீட்க நான்கு வருடமானது, ஒரு ஜோடி வளையல் திரும்ப வரவே இல்லை.

அதனால் நகைக்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, வீட்டுக்கடன் கொடுத்த வங்கியிலேயே கூடுதல் கடன் கேளுங்கள். உங்கள் வருமானம் தாங்கினால், இன்ஜினியரின் புது எஸ்டிமேட்டோடு போனால் கிடைக்க வாய்ப்புண்டு, வட்டியும் நகைக்கடனைவிடப் பெரும்பாலும் குறைவு. இரண்டு, குடிபோக என்ன தேவையோ அதை மட்டும் முடியுங்கள்: தண்ணீர், கரண்ட், ஒரு கழிவறை, சமையலறை மேடை, வெளிக்கதவு. மேல் பெயின்ட், ஃபால்ஸ் சீலிங், கேட் அடுத்த வருடம் வரட்டும். வாடகை மிச்சமாவதே மாதம் ஒரு பணம். மூன்று, நகை வைத்தே ஆக வேண்டுமென்றால் வங்கியில் வையுங்கள், எந்த மாதம் எவ்வளவு கட்டி மீட்கப் போகிறீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து எழுதிவிட்டு வையுங்கள். நகை உங்களுடையது என்றால் முடிவும் உங்களுடையது, அதைக் கணவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகமலை புதுக்கோட்டை): கடனோடு 1.2 லட்சம் ரூபாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்தால்தான் ஆச்சு என்கிறார்கள். கட்டாயமா?

பதில்: கட்டாயம் இல்லை. அந்த 1.2 லட்சத்தைக் கடனிலேயே சேர்த்து அதற்கும் 20 வருடம் வட்டி வாங்குவார்கள். ஆனால் பாதுகாப்பு இல்லாமல் கடன் வாங்கவும் வேண்டாம். கடன் தொகைக்குக் குறையாமல் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்து அதன் நகலைக் காட்டுங்கள். வீட்டுக்கடன் வாங்கியவர் இறந்துபோய், மனைவி பத்திரத்தைப் பற்றிக் கேட்க வங்கிக்கு வருவதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

கேள்வி (மேலூர்): மத்திய அரசு மானியம் 1.80 லட்சம் எங்களுக்குக் கிடைக்குமா?

பதில்: பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் (பிஎம்ஏஒய்) இரண்டாம் கட்டத்தில், வருட வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இல்லை என்றால் கேட்கலாம். 1.80 லட்சம் மொத்தமாக வராது, ஐந்து தவணை. அதை நம்பி டைல்ஸ் ஆர்டர் போடாதீர்கள்.

கேள்வி (ஷார்ஜா): நான் இங்கே, தம்பி ஊரில் நின்று கட்டுகிறான். எதில் கவனம்?

பதில்: பவர் பத்திரத்தில் கட்டுவதற்கும் வங்கிக் காரியத்துக்கும் மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்கவோ வேறு எங்கும் அடமானம் வைக்கவோ அதிகாரம் வேண்டாம். பணம் தம்பி கணக்குக்குப் போகாமல் காண்ட்ராக்டர், கடைக்காரர் கணக்குக்கு நேராகப் போகட்டும். இது தம்பியையும் காப்பாற்றும், பின்னால் யாரும் அவரைக் கணக்குக் கேட்க முடியாது. போட்டோவை மட்டும் நம்பாமல் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினியரை வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை அளந்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி): ஐப்பசியில் வாஸ்து நாள் இருக்கிறது, பூஜை போட்டுவிடலாமா, தை வரை பொறுக்கலாமா?

பதில்: பூஜை மட்டுமென்றால் ஐப்பசியில் போடுங்கள். அஸ்திவாரம் தோண்டுவதை நமக்கு மழை கொட்டும் அந்த இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் இறைக்கும் செலவு உங்கள் தலையில்தான். அந்த மாதங்களைக் காகிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வில்லங்கம், வக்கீல் கருத்து, பிளான் அனுமதி, தற்காலிக மின் இணைப்புக்கு விண்ணப்பம், இரண்டு மூன்று வங்கியில் வட்டி விசாரிப்பது. கடன் அனுமதிக் கடிதத்தை மட்டும் சீக்கிரம் வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம்தான் செல்லும். மார்கழிக் கடைசியில் வாங்கினால் தையில் குழி தோண்ட, மாசியில் பேஸ்மட்டம் காட்டி முதல் தவணை கேட்கச் சரியாக இருக்கும்.