பழைய வண்டிக்கு பிரேக் சாமான் வாங்குறீங்களா? கேள்வி-பதில்

கேள்வி: 1966 மாடல் பியட் 1100டி வச்சிருக்கேன். வீல் சிலிண்டர் கிட் (வீல்ல பிரேக் ஷூவைத் தள்ளுற சிலிண்டருக்கான ரப்பர் சாமான்) ஒருத்தர்கிட்ட சீல் உடைக்காத பழைய டப்பாவுல இருக்கு. 'கம்பெனி சரக்கு, இனிமே கிடைக்காது'ன்னு மூணு மடங்கு ரேட் சொல்றார். வாங்கலாமா? (குன்னூர்)

பதில்: டப்பா அழகா இருந்தா ஷோகேஸ்ல வைங்க சார், உள்ள இருக்க ரப்பர வீல்ல போடாதீங்க. பழைய வண்டிக்காரங்களுக்கு மட்டும் 'ஓல்டு ஸ்டாக்'னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா போதும், பர்ஸ் தானா திறந்துக்குது. சிலிண்டர் பாடி பழைய சரக்குன்னா சந்தோஷமா வாங்கலாம், உள்ள துரு குழி விழாம இருந்தா சரி. ரப்பர் கதை வேற, டப்பாக்குள்ள சும்மா கிடந்தாலும் அதுக்கு வயசாகும். சிலிண்டருக்குள்ள இருக்க ரப்பர் கப்போட உதட்டு ஓரம்தான் ஆயில் வெளிய வராம பிடிக்குது, அது விறைச்சுப்போச்சுன்னா லேசா மிதிக்கும்போது கசியும் ஓங்கி மிதிச்சா பிடிக்கும், அதனால ஒர்க்‌ஷாப் வாசல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், பர்லியார் இறக்கத்துலதான் தெரியும். கப்பை விரலால மடக்கிப் பாருங்க, முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அங்கயே திருப்பிக் கொடுத்துடுங்க.

புது பாக்கெட்டுன்னாலும் நம்பாதீங்க. கோயம்புத்தூர்ல ஒரு கடையில நான் பளபளன்னு ஒரு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுறது) கிட் வாங்கினேன், பாக்கெட் புதுசு, உள்ள இருந்த ரப்பர் எனக்கே அண்ணன். தயாரிச்ச மாசம் வருஷம், தயாரிச்சவர் விலாசம், எம்ஆர்பி எல்லாம் பாக்கெட் மேல இருக்கணும்னு 2011 விதி இருக்கு. ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நகத்தால சுரண்டிப் பாருங்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அந்த மூணு மடங்கு காசுக்கு ஒரு வெர்னியர் அளவுகோல் வாங்கி சிலிண்டர் போரை, அதாவது உள் விட்டத்தை, அளங்க. 19.05 மிமீ வந்தா முக்கால் இன்ச், 22.2ன்னா 7/8, 25.4ன்னா ஒரு இன்ச். பழைய கப்பையும் கையில எடுத்துட்டு போங்க, வேற வண்டிக்கு வர்ற புது கப்புலயே அதே அளவும் அதே ஷேப்பும் கிடைக்க வாய்ப்பு இருக்கு. சென்னை புதுப்பேட்டை வரைக்கும் தேட வேண்டி வரலாம், ஆனா அங்கயும் இரும்பு சாமான் மட்டும் பழசுல வாங்குங்க.

கேள்வி: அம்பாசிடர்ல பிரேக் ஆயில் குறைஞ்சுடுச்சு, வழியில கடை இல்ல, கையில இருந்த பவர் ஸ்டீயரிங் ஆயில கொஞ்சம் ஊத்திட்டேன். இப்ப பிரேக் விடவே மாட்டேங்குது. (கோத்தகிரி)

பதில்: விடாது. பவர் ஸ்டீயரிங் ஆயில் பொதுவா மினரல் ஆயில், அது பட்டா பிரேக் ரப்பர் ஊதிடும். மாஸ்டர், நாலு வீல், ஹோஸ் பைப், எல்லா ரப்பரையும் மாத்தி, லைனை பிரேக் ஆயிலாலயே கழுவி எடுக்கணும். டின் மேல எழுதியிருக்கறத படிக்க ஒரு நிமிஷம் ஆகுமா? எல்லாம் மாத்தி முடிக்கிற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.

கேள்வி: ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குன்னு போட்டிருந்ததைப் பாத்து ஆன்லைன்ல வீல் சிலிண்டர் வாங்கினேன். பைப் நட்டு லொடலொடன்னு ஏறுது. மெக்கானிக் டேப் சுத்திடலாம்னார், நான் விடல. விக்கிறவர் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு பில்ல காட்டுறார். (ஊட்டி)

பதில்: டேப் சுத்த விடாம தடுத்தீங்களே மேடம், பாதி பேர் அங்கதான் கவுந்துடறாங்க. ஹெரால்டு பிரேக் நட்டு 3/8 இன்ச் யூஎன்எஃப் (இன்ச் கணக்கு மரை), அதாவது ஒன்பதரை மில்லி. உங்களுக்கு வந்த சிலிண்டர்ல அனேகமா எம்10, அதாவது பத்து மில்லி மரை இருக்கும். சின்ன நட்டு பெரிய ஓட்டையில ஏறும், டைட் ஆன மாதிரியும் இருக்கும், ஓங்கி மிதிக்கிற அன்னைக்கு மரையோட பிடுங்கிட்டு வரும். ஆயிலை அடைக்கிறது பைப் நுனியில விரிச்சு விட்டிருக்க வாய், அதாவது ஃப்ளேர், மரை இல்ல, அதனால டேப்பால ஒரு பிரயோஜனமும் கிடையாது.

பில்லுல அச்சடிச்சுட்டா சட்டம் ஆகிடாது. விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத சாமானை திருப்பி எடுக்க மாட்டேன்னு ஆன்லைன்ல விக்கிறவர் சொல்லக் கூடாதுன்னு 2020 ஈ-காமர்ஸ் விதி இருக்கு. விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நட்டு ஆடறத வீடியோ எடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க. மசியலன்னா நம்ம ஊட்டியிலயே மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, 2 வருஷத்துக்குள்ள போகணும். வக்கீல் கட்டாயமில்ல. விடாதீங்க.

கேள்வி: போன வருஷம் திறந்த டாட் 4 பிரேக் ஆயில் டின் பாதி இருக்கு, மூடி டைட்டாத்தான் இருக்கு. ஊத்தலாமா? (லவ்டேல்)

பதில்: வேணாம். அது ஈரத்தை இழுக்கும், உங்க ஊரு மூடுபனிய கேக்கணுமா. புதுசுன்னா குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், தண்ணி சேந்துட்டா கணக்கு 155க்கு இறங்கிடும். கல்லட்டி இறக்கத்துல ஆயில் கொதிச்சா பெடல் தரைக்கு போகும், அங்க 36 கொண்டை ஊசி. சின்ன டின்னா வாங்குங்க.

கேள்வி: வில்லிஸ் ஜீப்ல பெரிய இன்ஜின் ஏத்தி முன்னாடி டிஸ்க் போட்டிருக்கேன், மாஸ்டர் பழசுதான். கொஞ்ச தூரம் ஓட்டினா முன் வீல் கொதிக்குது. பேட் மட்டமா? (கூடலூர்)

பதில்: பேட் மேல பழி போடாதீங்க தம்பி. டிரம்முக்கான பழைய மாஸ்டருக்குள்ள ரெசிடுவல் வால்வு இருக்கும், மிதிய விட்டாலும் லைன்ல கொஞ்சம் பிரஷர் நிக்கும். டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ வேணும், ஸ்பிரிங் ஷூவை இழுத்துடும். டிஸ்க்ல இழுக்க ஸ்பிரிங் இல்ல, பேட் உரசிட்டே இருக்கும். அதுக்காக வால்வையே கழட்டிட்டீங்கன்னா மாஸ்டர் ஃப்ளோருக்கு அடியில காலிப்பரை (டிஸ்க்ல பேடை அழுத்துறது) விட தாழ்வா இருக்கறதால ஆயில் பின்னாடி வழிஞ்சுடும், ரெண்டு மிதி மிதிச்சாதான் பிடிக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லைன் உள்ள ரெண்டு சர்க்யூட் டேன்டம் மாஸ்டர் போட்டு, டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் லைனுக்கு 10 பிஎஸ்ஐ வால்வு வைங்க. பழைய மாஸ்டர்ல எங்க ஒரு ஓட்டை விழுந்தாலும் நாலு வீல் பிரேக்கும் போயிடும். ஆர்சி புக்குல இன்ஜின் மாத்தினது ஏறியிருக்கா?

கேள்வி: ஏசி வேலை பாக்கிற பையன் செம்புக் குழாய்ல பிரேக் லைன் போட்டுத் தர்றேங்கிறான், ரேட் பாதிதான். (மஞ்சூர்)

பதில்: செம்பு அதிர்வுல விரிசல் விடும். ஸ்டீல் இல்லன்னா காப்பர்-நிக்கல் பைப், நுனியில டபுள் ஃப்ளேர் (ரெண்டு மடிப்பா விரிச்ச வாய்). அந்தப் பையனை ஃப்ரிட்ஜ் பாக்க சொல்லுங்க.